மைசூர் நாட்டு இருப்புப்பாதைகளும் தொழில்களும்: நிலப்படம் கூறும் வரலாறு

இருப்புப்பாதை வந்தது, அதன் பின்னே தொழில் வந்தது என்று சொல்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கு. இதற்கு நேர்மாறாகச் சொல்வோரும் உளர். ஆங்கிலேயர் பாதை அமைத்தது நம் பருத்தியையும் தானியத்தையும் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவும், தம் நாட்டுத் துணியை நம் சந்தைக்குக் கொண்டுவரவுமே என்பது அவர்தம் கட்சி. இருப்புப்பாதைக்குச் செலவிட்ட பணத்தை நீர்ப்பாசனத்திற்குச் செலவிட்டிருக்கலாகாதா என்று ரமேஷ் சந்திர தத்தர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கேட்டார். இவ்விரு கட்சிகளும் பாரத நாடு முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கிப் பேசுபவை. இவற்றுள் எது எங்கே பொருந்தும் என்று காண வேண்டுமாயின், ஒரு சிறு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, பாதை எந்த ஆண்டில் எவ்வூரை அடைந்தது, ஆலை எந்த ஆண்டில் எவ்வூரில் எழுந்தது என்று பொறுமையுடன் நிரல்படுத்துதல் வேண்டும்.

அத்தகைய ஆய்வுக்குப் பழைய மைசூர் சமஸ்தானம் மிகவும் ஏற்றது. அதன் எல்லை பெரிதன்று. பாதைகள் திறக்கப்பட்ட ஆண்டுகளும் பெருந்தொழில்கள் தொடங்கப்பட்ட ஆண்டுகளும் அரசாங்கப் பதிவேடுகளில் உள்ளன. அங்கே எழுந்த தொழில்களுட் பல, அரசே முன்னின்று நடத்தியவை. ஆகவே அவை ஏன் அவ்வவ்விடத்தில் அமைந்தன என்பதற்கான காரணங்களும் பெரும்பாலும் எழுத்தில் கிடைக்கின்றன. மேலும், இன்று தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்களின் கதை, ஜோலார்ப்பேட்டையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்ற ஒரு தண்டவாளத்தில் தொடங்குகிறது. அந்தத் தண்டவாளம் எதற்காகப் போடப்பட்டது, பின்னர் எதற்குப் பயன்பட்டது என்று அறிவது நமக்கு வெறும் ஏட்டுக் கல்வியாகாது.

இவ்வகை ஆராய்ச்சிக்கு இக்காலத்தில் உற்ற கருவியாய் அமைந்திருப்பது கணினி நிலப்படம். அதன் இயல்பைச் சுருக்கமாகக் கூறலாம். ஒரு நாட்டின் படத்தின் மேல் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஆறுகள், ஒன்றில் காடுகள், ஒன்றில் இருப்புப்பாதைகள், ஒன்றில் ஆலைகள், ஒன்றில் மின்கம்பிகள். கணினியில் ஒவ்வொரு கோட்டிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஆண்டு, அளவு, உடைமையாளர், பயன் ஆகியவற்றை ஒரு பதிவேடாகச் சேர்த்துவைக்க இயலும். பிறகு, “1900-ஆம் ஆண்டில் இருந்த பாதைகளை மட்டும் காட்டு” என்றால் அவை மட்டும் தோன்றும். “பாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்த ஆலைகள் எவை, அவற்றுள் பாதைக்குப் பிந்தியவை எவை” என்று கேட்டால், அதற்கும் விடை கிடைக்கும். காகிதப் படம் இடத்தை மட்டும் காட்டும். கணினிப் படமோ இடத்தையும் காலத்தையும் ஒருங்கே காட்டும். வரலாற்று மாணவனுக்கு வேண்டியது இதுவே.

இப்படத்தை வரைவதற்கு முதற்பொருள் இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழிவந்தவை அவை. ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்னும் அளவில் வரையப்பட்ட தாளை ஒளிப்பதிவு செய்து கணினியில் ஏற்றுவர். ஆற்றுப்பாலம், கோயிற் கோபுரம், மலையுச்சி முதலிய இடம் மாறாத அடையாளங்களைத் தேர்ந்து, அவற்றின் இன்றைய அட்சரேகை தீர்க்கரேகைகளோடு பொருத்துவர். பழைய அளவையில் பூமியின் வடிவத்திற்குக் கொண்ட கணக்கு வேறு, இன்றைய செயற்கைக்கோள் கணக்கு வேறு. அவ்வேறுபாட்டைத் திருத்தாவிடில், படத்தில் பாதை ஆற்றுக்குள் இறங்கினாலும் வியப்பில்லை. அவ்வளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் அறுபத்துமூன்று மீட்டர். ஆகவே பழைய படத்திலிருந்து எடுத்த கோட்டை ஓரளவு தடித்த கோடாகவே கொள்ள வேண்டும். தண்டவாளத்திற்கு ஐம்பது மீட்டர் அருகே ஆலை இருந்தது என்று அதனைக்கொண்டு வாதிடுதல் தகாது.

இடரில் மற்றொன்று ஊர்ப்பெயர். பழைய ரயில்வே அட்டவணையில் பௌரிங்பேட் என்றிருக்கும் நிலையம் இன்று பங்காரப்பேட்டை. க்ளோஸ்பேட் என்றிருந்தது ராமநகரம். பிரெஞ்சு ராக்ஸ் என்பது பாண்டவபுரம். பெங்கிப்பூர் என்பது பத்ராவதி. மைசூர் என்னும் பெயரும் 2014-ஆம் ஆண்டு முதல் அரசாங்க வழக்கில் மைசூரு என ஆயிற்று. இப்பெயர்களை இணைக்கும் பட்டியல் ஒன்று இல்லையேல், ஒரே ஊரைக் கணினி இரண்டு ஊராக எண்ணும், நாமும் அதனை நம்பிவிடுவோம்.

இனி, தாள்களை ஒவ்வொன்றாக விரிப்போம். முதல் தாளில் தோன்றுவது சென்னை ரயில்வேயின் அகலப்பாதை. 1856-இல் ராயபுரத்திலிருந்து மேற்கே புறப்பட்ட அப்பாதை, பின்னர் ஜோலார்ப்பேட்டை வந்து, 1864-இல் பெங்களூர்த் தண்டுப்பகுதியை எட்டியது. அங்கே அது நின்றது. பெங்களூரில் இருந்தது ஆங்கிலப் படை. அப்பாதை முதன்மையாகப் பணிபுரிந்தது அப்படைக்கே. மைசூர்த் தலைநகருக்கோ சமஸ்தானத்தின் மேற்குப் பகுதிக்கோ இருப்புப்பாதை இல்லை.

இந்நிலையில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மைசூர் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பது இலட்சம். 1881-இல் அது ஏறத்தாழ நாற்பத்திரண்டு இலட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய குடித்தொகை எட்டு இலட்சத்திற்கு மேல் குறைந்தது என்றால் அவ்வழிவின் அளவை என்னென்பது! தானியம் ரயிலில் பெங்களூர் வரை வரலாம். அதற்கு அப்பால் மாட்டுவண்டியே கதி. பஞ்சத்தில் மாடுகளும் மாண்டன. வண்டி நாளொன்றுக்குப் பதினைந்து மைல் செல்லும் என்று கொண்டாலும், பெங்களூரிலிருந்து மைசூர் சேர ஆறு நாள் வேண்டும்.

அப்பஞ்சத்தின் நிவாரண வேலையாகவே பெங்களூர்–மைசூர்ப் பாதைக்கு மண் வெட்டப்பட்டது. 86 மைல், அதாவது 138 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் அளவுப் பாதை. 1881-இல் தொடங்கிப் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, 1882-இல் மைசூரை அடைந்தது. அதன் இருமருங்கும் அன்று எந்த ஆலையும் இல்லை. கணினிப் படத்தில் 1882-ஆம் ஆண்டை நிறுத்திப் பார்த்தால், பாதை தென்படும். ஆலைகளின் தாளோ அப்பாதையின் நெடுகிலும் வெறுமையாகக் கிடக்கும். மைசூர் அரசின் முதற்பாதை தொழிலுக்காகப் பிறந்ததன்று, பசிக்காகப் பிறந்தது. கூலிக்கு மண் சுமந்தவர்களும் பசித்தவர்களே. இவ்வுண்மையை முதலில் மனத்திற்கொண்டால், பின்வருவன தெளிவாகும்.

இரண்டாம் தாளில் கோலார் தங்கவயல். இங்கே வரிசை தலைகீழாகிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வந்தனர். அப்பத்தாண்டின் நடுவில் வளமான பொன்னடுக்குக் கிடைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் ஆழ்ந்து சென்றன. பௌரிங்பேட்டிலிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல் நீளமுள்ள அகலப்பாதை திறக்கப்பட்டது 1894-இல். ஆகவே தொழில் முந்தியது, பாதை பிந்தியது. அப்பாதையின் நிலையங்களைப் பாருங்கள்: கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். ஊருக்காக நிலையம் என்பதினும், சுரங்கத்திற்காக நிலையம் என்பதே பொருத்தம். தொழிலுக்கு நேரடியாகப் பணிபுரியப் போடப்பட்ட பாதை எது என்று கேட்பின், மைசூர் நாட்டில் முதல் விடை இதுவே.

ஆனால் அப்பாதை சுரங்கத்திற்கு எவ்வாறு பணிபுரிந்தது? தங்கத்தை ஏற்றிச் செல்வதற்கு என்று விரைந்து விடை கூறத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் தங்கவயல் ஈந்த பொன் சுமார் 800 டன் என்பர். இன்றைய சரக்கு ரயில் ஒன்று ஒரே முறையில் மூவாயிரம் டன்னுக்கு மேல் சுமக்கிறது. நூற்றிருபது ஆண்டுப் பொன் முழுவதும் ஒரே வண்டியின் சில பெட்டிகளில் அடங்கிவிடும்! வெளியே சென்ற சரக்கு மிகச் சிறிது, உள்ளே வந்ததே பெரிது. சுரங்கத்தின் மேற்கூரையைத் தாங்க மரம், நீராவி யந்திரங்களுக்கு நிலக்கரியும் விறகும், இரும்பு, வெடிமருந்து, அரிசி, இவை எல்லாவற்றிற்கும் மேலாக மனிதர். சுரங்கம் விளைவித்ததை ஏற்றுமதி செய்வதினும், சுரங்கம் உண்டதைக் கொண்டுவந்து ஊட்டுவதே அப்பாதையின் வேலை.

இக்கருத்தை உறுதிசெய்வது மின்கம்பியின் தாள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவிலுள்ள தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்து வழிகளுள் ஒன்று அது. அக்கம்பி இருப்புப்பாதையைப் பின்பற்றவில்லை. தனக்கென ஒரு நேர்வழியை வகுத்துக்கொண்டது. அருவியின் ஆற்றல் கம்பி வழியே வரத் தொடங்கியபின், ஆற்றலுக்காகக் கரியை வண்டியில் ஏற்றிவரும் தேவை குறைந்தது. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஒரே தொழிலுக்கு இரண்டு வெவ்வேறு வலைகள் பணிபுரிந்தமை கண்கூடாகும். இருப்புப்பாதையை மட்டும் வரைந்து தொழில் வரலாறு எழுதுவோர் இதனைக் காணாமற் போவர்.

மூன்றாம் தாள் பத்ராவதி. பீரூரிலிருந்து ஷிமோகாவிற்கு 1899-இல் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையிலுள்ள பெங்கிப்பூர் என்னும் சிற்றூரில் மைசூர் இரும்பு ஆலைக்கு 1918-இல் கால்கோள் இடப்பட்டது. ஊதுலை 1923-இல் மூட்டப்பட்டது. 1912 முதல் 1918 வரை திவானாயிருந்த மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா வகுத்த திட்டம் அது. இங்கே பாதை முந்தியது, தொழில் பிந்தியது. ஆயினும், பாதை இருந்ததனாலேயே ஆலை வந்தது என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். இரும்பை உருக்க வங்காள, பிகார் நிலக்கரியை அந்நெடுந்தொலைவு கொண்டுவந்தால் விலை கட்டாது. ஆகவே மலைநாட்டுக் காட்டு மரத்தை எரித்துக் கரியாக்கி, அக்கரியினால் இரும்பு உருக்கினர். தாதுவோ கெம்மண்ணுகுண்டி மலையில். தாதையும் மரத்தையும் கொண்டுவரக் குறுகிய காட்டு டிராம்பாதைகளும் கம்பிவழித் தொட்டில்களும் வேண்டியிருந்தன. ஆலையை அவ்விடத்திற்கு ஈர்த்தவை காடும் தாதும் பத்திரை ஆற்று நீருமாம். வார்த்த இரும்பைச் சந்தைக்குக் கொண்டுசென்றது பெரும்பாதை. கணினிப் படத்தில் பெரும்பாதையை மட்டும் வரைந்து, காட்டு டிராம்பாதைகளை விட்டுவிட்டால், பத்ராவதியின் கதை பாதிக்கதையாகும்.

நான்காம் தாளில் மண்டியா. 1882-இலேயே அங்கு நிலையம் உண்டு. ஐம்பது ஆண்டுகள் வண்டி வந்து போயிற்று, பெருந்தொழில் ஒன்றும் எழவில்லை. கிருஷ்ணராஜசாகர அணையின் நீர் பெருங்கால்வாய் வழியே 1930-களின் தொடக்கத்தில் வயல்களை அடைந்தது. கரும்பு பயிரானது. 1933-இல் மைசூர்ச் சர்க்கரைக் கம்பெனி நிறுவப்பட்டது. நூறு பங்கு கரும்பில் சர்க்கரை ஏறத்தாழப் பத்துப் பங்கே. மீதமுள்ள எடையை நெடுந்தூரம் சுமப்பார் யார்? எனவே ஆலை கரும்புக்கருகில் நின்றே தீரும். கரும்பு மாட்டுவண்டியில் வந்தது, சர்க்கரை ரயிலில் சென்றது. பஞ்சத்தில் பிறந்த பாதை, அரை நூற்றாண்டு காத்திருந்து, வளத்தைச் சுமந்தது. பாதைக்கும் ஆலைக்கும் இடையே நின்ற ஐம்பது ஆண்டுகளை நிரப்பியது கால்வாய்.

இனி மைசூர் நகருக்கே வருவோம். நகர நிலையத்திலிருந்து தெற்கே நஞ்சன்கூட்டிற்கு 1891-இல் பாதை நீண்டது. 1918 வாக்கில் வடமேற்கே அரசீக்கெரே வரை மற்றொரு பாதை முடிவுற்றது. இந்நகரில் தொழில்களின் ஆண்டுகளை எழுதிப் பாருங்கள். பட்டு நெசவாலை 1912. சந்தன எண்ணெய் ஆலை 1917. ரயில்வே தொழிற்கூடம் 1924. கிருஷ்ணராஜேந்திர ஆலை 1927. பாதை வந்து முப்பது ஆண்டுகள் கழித்தே முதல் பெருந்தொழில். அதற்கிடையே 1908-இல் நகரில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. மின்சாரத்திற்குப் பின்னரே ஆலைகள் என்னும் வரிசை இங்கே தெளிவு.

சந்தன எண்ணெயின் கதை தனியே நோக்கத்தக்கது. முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக் கட்டையை ஏலத்தில் எடுத்துப் பெரும்பாலும் ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்தனர். 1914-இல் போர் மூண்டது, வாங்குவோர் இல்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்னும் அறிஞர்கள் எண்ணெய் வடிக்கும் முறையை ஆய்ந்தனர். 1916-இல் பெங்களூரிலும், மறு ஆண்டு மைசூரிலும் ஆலை ஏற்பட்டது. நூறு பங்கு மரத்தில் எண்ணெய் ஏறக்குறைய ஐந்து பங்கே. முன்பு துறைமுகத்தை நோக்கிச் சென்ற கட்டைச் சுமை, இப்போது உள்ளூரிலேயே எண்ணெயாய்ச் சுருங்கிச் சில பீப்பாய்களாக வெளியேறியது. தண்டவாளத்தில் மாற்றமில்லை. அதன்மேல் சென்ற பொருள் மாறியது, அப்பொருளின் இலாபம் சேர்ந்த இடமும் மாறியது. இருப்புப்பாதை நாட்டைச் சுரண்டியதா, வளர்த்ததா என்னும் பழைய வழக்கிற்கு இவ்வொரு சான்று பல பக்க வாதத்தினும் மேலானது. பாதை இருபுறமும் செல்லும். எதை ஏற்றுவது என்று தீர்மானித்தவர் யார் என்பதே கேள்வி. மைசூரில் அத்தீர்மானத்தின் ஒரு பகுதியேனும் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்து அரசின் கையில் இருந்தது. 1919-இல் தன் பாதைகளின் நிர்வாகத்தைக் கம்பெனியாரிடமிருந்து அவ்வரசு திரும்பப் பெற்றதும் இவ்வகையில் கருதத்தக்கது.

படம் காட்டும் மற்றொரு செய்தி அளவு மாறும் இடத்தைப் பற்றியது. சென்னையிலிருந்து வந்தது அகலப்பாதை. மைசூருக்குச் சென்றது மீட்டர்பாதை. பெங்களூரில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொரு வண்டியில் ஏற வேண்டும். அதற்குக் கூலி, தாமதம், சேதம் மூன்றும் உண்டு. எப்படியும் சரக்கு இறங்கியே தீரும் இடத்தில் ஆலை அமைவது இலாபம். 1884-இல் தோன்றிப் பின்னர் பின்னி கம்பெனியார் கைக்குச் சென்ற பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை, நகர நிலையத்தை ஒட்டிய பகுதியில் நின்றது என்பதைப் படத்தில் காணும்போது இக்கருத்து வலுப்பெறுகிறது. மைசூர் பிந்தியதற்கும் பெங்களூர் முந்தியதற்கும் உள்ள காரணங்களுள் இவ்வளவு மாற்றமும் ஒன்று எனக் கொள்ளலாம். மைசூர்ப் பாதை அகலப்பாதையானது 1990-களில்தான்.

இத்தகைய ஆராய்ச்சி உலகில் வேறிடங்களிலும் நடந்துள்ளது. பொருளியல் அறிஞர் டேவ் டொனால்ட்சன் 1870 முதல் 1930 வரையுள்ள இந்திய இருப்புப்பாதைகள் அனைத்தையும் கணினிப் படமாக்கி, மாவட்டந்தோறும் உப்பின் விலையை அதனோடு ஒப்பிட்டார். ஏன் உப்பு? ஒவ்வொரு வகை உப்பும் ஒரே இடத்தில் விளைவது. ஆதலால், விளைந்த இடத்து விலைக்கும் விற்ற இடத்து விலைக்கும் உள்ள வேறுபாடு, கொண்டுசென்ற செலவைக் காட்டிவிடும். பாதை சென்ற மாவட்டத்தில் வேளாண்மையின் உண்மை வருவாய் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு உயர்ந்தது என்பது அவர் முடிவு. அவர் மற்றொரு சோதனையும் செய்தார். திட்டமிட்டுப் போடாமல் விட்ட நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைகளையும் படத்தில் வரைந்து, அவ்விடங்களில் அத்தகைய உயர்வு இல்லை என்று கண்டார். வளரும் ஊரைத் தேடித்தான் பாதை சென்றது என்ற ஐயத்தைத் தீர்க்க இது நல்ல உத்தி.

போடாமல் விட்ட பாதை என்றதும் நமக்கு நினைவு வருவது ஒன்றுண்டு. மைசூரிலிருந்து தெற்கே சென்ற பாதை நஞ்சன்கூட்டைத் தாண்டிச் சாமராஜநகரத்தில் முடிகிறது. அங்கிருந்து மலையிறங்கிச் சத்தியமங்கலம் வழியாகக் கொங்கு நாட்டைச் சேரும் பாதை பற்றிப் பல தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. காடும் காட்டு விலங்கும் உள்ள அவ்வழியில் இன்றளவும் தண்டவாளம் இல்லை. கோயம்புத்தூரின் நூலாலைகளும் மைசூரின் ஆலைகளும் பறவைப் பறப்பில் அண்டை அயலாய் இருந்தும், ரயிலில் செல்வோர் பெங்களூரையும் ஜோலார்ப்பேட்டையையும் சுற்றிச் செல்கின்றனர். நிலப்படத்தில் இல்லாத கோடும் வரலாற்றில் ஒரு காரணமாகும்.

இவ்வளவும் கூறியபின், படம் கூறாததையும் கூறுதல் கடமை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து தங்கவயலுக்குச் சென்றவர்கள் ஆயிரமாயிரவர். அவர்களில் மிகப் பலர் சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட சாதியினர். நிலத்தடியில் அவர்கள் பட்ட வெப்பமும் நுரையீரல் நோயும் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் தேடிச்சென்ற கூலியோடு வேறொன்றும் அப்பாதையில் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழுக்குத் தங்கவயலில் வாசகர் மிகுந்திருந்தனர். அவரது பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அதாவது, சுரங்கத்தின் கடைசி நிலையம் ஒரு மக்கட்கூட்டத்தின் தன்மதிப்பிற்கு முதல் நிலையமாகவும் அமைந்தது. கரியும் மரமும் இத்தனை டன் என்று சரக்கு ஏட்டில் எழுதினர். எண்ணத்தை எடைபோட்டு எழுத அவ்வேட்டில் கட்டம் இல்லை.

தங்கவயற் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. கோலார்ப் பகுதியின் குறுகிய பாதைகளும் மைசூரின் மீட்டர்பாதைகளும் பெயர்க்கப்பட்டு அகலப்பாதைகளாயின. தொழிற்கூடத்து ஏடுகள் மக்குகின்றன. ஒரு தாளைத் தொலைத்தால், படத்தில் ஒரு கோடு தொலையும். பழைய தலைமுறையைத் தொலைத்தால், அக்கோட்டின் பொருளே தொலைந்துபோகும்.

ஆகவே நேயர்களே, இவ்வாராய்ச்சியில் உங்களுக்கும் ஒரு பங்குண்டு. உங்கள் பாட்டனார் எந்த ஆண்டில், எந்த நிலையத்தில் ஏறி, எந்த நிலையத்தில் இறங்கினார்? எந்தச் சுரங்கத்தில், எந்த ஆலையில், எந்தத் தொழிற்கூடத்தில் பெயர் பதிந்தார்? முதலில் தங்கிய குடியிருப்பின் பெயர் என்ன? ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, வேலைச் சீட்டு, பழைய கடிதம், நிலையத்தின் பின்னணியில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றுள் ஏதேனும் வீட்டுப் பெட்டியில் உண்டா? இவற்றை ஆண்டும் இடமும் தெளிவாகக் குறித்து எழுதிவைத்தால், அது நிலப்படத்தில் ஒரு புள்ளியாகும். நூறு வீடுகள் எழுதிவைத்தால் அது ஒரு தாளாகும். பாதை, ஆலை, மின்கம்பி, கால்வாய் ஆகியவற்றின் தாள்கள் அரசாங்க ஏடுகளிலிருந்து எவரும் வரையக்கூடியவை. மனிதரின் தாளை வரைய வல்லவர் அவர்தம் வழிவந்தோரே.

மைசூர் நாட்டின் அனுபவத்திலிருந்து நாம் பெறுவது இது: இருப்புப்பாதை தானாகத் தொழிலைப் படைத்ததில்லை. பஞ்சத்திற்கெனப் போட்டது சர்க்கரைக்கு உதவியது. பொன்னுக்கெனப் போட்டது மனிதரையும் அவர்தம் சிந்தனையையும் கொண்டுவந்தது. நீர், மின்சாரம், காடு, அரசின் மனத்திட்பம் ஆகியவை வந்து சேர்ந்த இடத்தில் பாதை பயன் தந்தது. அவை சேராத இடத்தில் ஐம்பது ஆண்டுகள் காத்துக்கிடந்தது. இன்று புதிய பாதைகளும் தொழிற்பேட்டைகளும் வகுப்போர், கோடு வரைவதற்கு முன் இப்பழைய தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராயின், செலவிடும் பொருளும் உழைக்கும் மக்களின் வியர்வையும் வீணாகா.